இடது பாதம் பச்சை

எதிர்க் கட்டில்காரனின் பாதத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடப்பது ஒரு வேலையா என்று நீங்கள் கேட்கலாம். இதய வால்வு பழுதாகி, ஆபரேஷனுக்கு இன்று நாளை என்று இழுத்தடிக்கப்பட்டுப் படுத்திருப்பவனுக்கு வேறு காட்சி கிடையாது. என் பெயர் சிங்கராயர். அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டத்தில் எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிப் பழகிய கண், படுக்கையில் போட்டாலும் சும்மா இருக்காது.

அந்த ஆஸ்பத்திரி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. பெயர் வேண்டாம், எனக்கு வழக்கு வம்பெல்லாம் ஆகாது. வார்டின் கூரையில் கட்டிலுக்கு ஒன்றாகக் கறுப்புக் குமிழ்கள் பதித்திருந்தார்கள். கம்பெனிக்காரன் அதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தான், வார்டில் எல்லோரும் மேல்கண் என்றோம். வந்த அன்றைக்கே நர்ஸ் ஜெனிட்டாவிடம் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தொடாமல் சிரித்தாள்.

"நாடியெல்லாம் பிடிக்கிறதில்ல சார். மேல்கண் பாத்துக்கும்."

"மேல இருந்து என்னத்தம்மா பாக்கும்?"

"ஒவ்வொரு தடவ இதயம் அடிக்கிறப்பவும் தோலுக்கு அடியில ரத்தம் வந்துட்டுப் போகுதுல்ல, அதுல தோல் நிறம் இம்மியூண்டு மாறும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். நெத்தி, உள்ளங்கை, பாதம், எங்க எவ்வளவு ஓடுதுன்னு சொல்லிரும். ஊசி இல்ல, ஒயர் இல்ல, நாங்க தொடவும் வேணாம்."

தலைமாட்டுச் சுவரில் ஆளுக்கு ஒரு திரை. அதில் கையும் காலும் விரித்த ஒரு மனித உருவம். ரத்தம் நன்றாக ஓடும் இடம் பச்சை, மந்தமானால் மஞ்சள், நின்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் மணி அடிக்கும். படுத்திருப்பவனுக்குத் தன் திரை தெரியாது, எதிரே இருப்பவனுக்குத்தான் தெரியும். கதவில் 'தொடாமல் காப்போம்' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குமிழ்கள் வருவதற்கு முன்னால் அந்த வார்டில் ஆறு நர்ஸ்கள் இருந்தார்களாம், இப்போது இரண்டு பேர். இதை ஜெனிட்டாதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

வெள்ளைச்சாமி எனக்கு எதிர்க் கட்டிலுக்கு வந்தான். பைபாஸ் ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நின்றே வாழ்ந்தவன். சர்க்கரை முற்றி, இடது காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்து, விரல் நிறம் மாறின பிறகு கொண்டுவந்தார்கள். டாக்டர் குணசீலன் குழாயைத் திறந்து அடைப்பை எடுத்தார். மறுநாள் அவரே கட்டிலருகே வந்து நின்று, வெள்ளைச்சாமியின் மனைவி தவமணியிடம் பேசினார்.

"இப்ப ரத்தம் ஓடுதும்மா. இந்த ஒரு வாரம் ஓடிருச்சுன்னா கால் தப்பிச்சிரும். நடுவுல நின்னுருச்சுன்னா, உடனே கண்டுபிடிச்சாத்தான் மறுபடி திறக்க முடியும். லேட்டாச்சுன்னா எடுத்துர வேண்டியதுதான்."

"நின்னுருச்சுன்னு எப்படி சார் தெரியும்?"

டாக்டர் திரையைக் காட்டினார். "அதுக்குத்தான் இது இருக்கு. ராத்திரி பகல் தூங்காது. நீங்க கவலப்படாம இருங்க."

நல்ல மனுஷன்தான். அவசரத்தில் இருக்கிற நல்ல மனுஷன். அதற்குப் பிறகு அவருடைய ரவுண்ட்ஸ் எல்லாம் திரை வழியாகத்தான். காலையில் ஒலிபெருக்கியில் கட்டில் எண்ணைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுவார், அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்.

தவமணி ஒல்லியான, ஓயாமல் பேசுகிற பெண்பிள்ளை. வந்த கொஞ்ச நேரத்திலேயே என்னை அண்ணன் ஆக்கிவிட்டாள். அன்று சாயங்காலம் வெள்ளைச்சாமியின் இடது பாதம் திரையில் மஞ்சளாக மாறியது. அவளுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பாதத்தை இரண்டு கையாலும் பற்றிப் பிடித்து விட ஆரம்பித்தாள். ஓட்டலில் நின்றுவிட்டு வருகிற புருஷனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்து வருகிற வேலைதான் அது. விரல் விரலாக நீவி, உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, புறங்காலை உள்ளங்கையால் மூடி மெதுவாக அமுக்கினாள். அவள் மூன்றாவது விரலுக்கு வருவதற்குள் திரையில் மஞ்சள் போய்ப் பச்சை வந்தது.

"அண்ணே, பாத்தீங்களா?"

பார்த்தேன். சத்தியமாகப் பச்சைதான்.

ஜெனிட்டாவும் வந்து பார்த்தாள். "அக்காவுக்கு என்ன கைராசி பாருங்க. நீங்க பிடிச்சா ரத்தம் நல்லா ஓடுது. பிடிங்க, பிடிங்க." மறுநாள் காலை ஒலிபெருக்கியில் டாக்டரும் சொன்னார்: "இடது கால் நல்லா இருக்கும்மா. என்ன செய்றீங்களோ அதையே செய்ங்க."

பிறகு அவளை யார் நிறுத்த முடியும்? கையை எடுத்தால் சற்று நேரத்தில் மஞ்சள். வைத்தால் பச்சை. வாழ்க்கையில் எத்தனையோ செய்திருப்பாள், அதெல்லாம் பலித்ததா இல்லையா என்று எவன் சொன்னான்? இங்கே கை வைத்த உடனே ஒரு திரை அவளுக்குப் பதில் சொன்னது. சாப்பாட்டை ஒரு கையால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு மறு கையைப் பாதத்தில் வைத்திருப்பாள். தூக்கம் வந்தால் கட்டிலிலேயே தலையைச் சாய்ப்பாள், கை மட்டும் பாதத்தைவிட்டு நகராது. மற்றக் கட்டில்காரர்களின் ஆட்களும் பார்த்துவிட்டு அவரவர் நோயாளியின் காலைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். வார்டு முழுக்கப் பச்சை. என் பாதம் மட்டும் மஞ்சள் என்று வெள்ளைச்சாமி எனக்குச் சொல்லிச் சிரித்தான். என் காலைப் பிடிக்க யார் இருக்கிறார்கள், மகள் கோயம்புத்தூரில் குழந்தையோடு மாரடிக்கிறாள்.

"நீ பிடிக்கிறியா இல்லியான்னே எனக்குத் தெரியலடி," என்பான் வெள்ளைச்சாமி மனைவியிடம். சர்க்கரையில் பாதம் மரத்துப்போய் வருஷக்கணக்காகிவிட்டது அவனுக்கு. தணல் பட்டாலும் தெரியாது.

"உங்களுக்குத் தெரியாட்டி என்ன, திரைக்குத் தெரியுது."

ஒருநாள் அவள் ஜெனிட்டாவைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், கால் சில்லுனு இருக்கு. நேத்தவிட இன்னிக்கு ஜாஸ்தி."

"ஏசி ஓடுதுல்லக்கா. பச்சைதான காட்டுது."

"போர்வை போத்தவா?"

"போத்துனா மேல்கண்ணுக்குத் தெரியாது. தெறந்தே இருக்கட்டும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா ஜெனிட்டா, ஒரு தடவ நீயே தொட்டுப் பாத்தா என்ன கொறஞ்சு போச்சு?"

அவள் என் கட்டிலுக்கு வந்து மெதுவாகச் சொன்னாள். "கையுறை போட்டுத் தொட்டா சூடு குளிர் தெரியாது சார். கழட்டிட்டுத் தொட்டா மேல்கண் அதையும் பாக்கும். கிருமித் தொற்று விதி மீறினேன்னு மெமோ வரும். ஏற்கெனவே ஒண்ணு வாங்கிட்டேன். ரெண்டாவது வாங்கினா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

மறுநாள் காலை ஒலிபெருக்கியிடமே பேசிப் பார்த்தேன். எதிர்க் கட்டிலுக்கு ஒரு நடை வந்து காலைத் தொட்டுப் பாருங்கள் டாக்டர் என்றேன். "சார், நீங்க உங்க உடம்பைப் பாருங்க, டென்ஷன் ஆகாதீங்க, உங்க நெஞ்சுல துடிப்பு ஏறுது," என்று பதில் வந்தது. என் கோபத்தைக்கூட அது பார்த்துவிட்டது. அந்தப் பெண்பிள்ளையாவது பிடிவாதம் பிடித்திருந்தால் ஏதாவது நடந்திருக்கும். ஆனால் அவளுக்கே இப்போது தன் கையைவிடத் திரையின் மேல்தான் நம்பிக்கை. கை சில்லென்று சொன்னது, திரை பச்சை என்று சொன்னது, படித்தவர்கள் வைத்த திரைதானே சரியாக இருக்கும் என்று அவள் இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

கட்டுப் பிரிக்கிற அன்று டாக்டர் நேரில் வந்தார். தவமணி எழுந்து விலகி இடம் கொடுத்தாள். டாக்டர் தொடையில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு, அப்படியே கீழே வந்து பாதத்தைத் தூக்கினார். விரிப்பில் பதிந்து கிடந்த குதிகாலின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. மேல்பக்கத்தில் அவனுடைய கறுத்த தோலில் அது தெரியவில்லை. அவர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுக் குதிகாலைத் தொட்டார், கணுக்காலைத் தொட்டார், முழங்காலுக்குக் கீழே தொட்டார். முகம் மாறி, அவர் கையை எடுத்தார். அப்போது தலைமாட்டில் திரை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, மணி அடிக்கத் தொடங்கியது.

அன்றைக்கே காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் வெள்ளைச்சாமியைத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள்.

தவமணி அழுதது காலுக்காக மட்டும் இல்லை. "அண்ணே, நான் எந்திரிச்சேன்ல, அந்த நேரத்துலதான் நின்னுருச்சு. நீங்க பாத்தீங்கல்ல? எந்திரிக்காம இருந்திருந்தா ஓடியிருக்கும். டாக்டர் வந்தா என்ன, அந்தப் பக்கம் நின்னு பாருங்கன்னு சொல்லியிருக்கலாம்ல நான்?"

"கிறுக்குப்பிள்ள மாதிரிப் பேசாத. ஒன்னால ஒண்ணும் ஆகல," என்றேன். எனக்கும் அப்போது விஷயம் தெரியாது. ஆனாலும் மணி அடிப்பதற்கு முன்னாலேயே டாக்டர் முகம் மாறியதை நான் பார்த்திருந்தேன். சிவப்பு வருவதற்கு முன்பே கால் போயிருந்தது. அப்படியானால் அதுவரை பச்சை காட்டியது எது என்று எனக்கு விளங்கவில்லை.

கம்பெனியிலிருந்து நஸ்ரின் என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். தவமணி துணி அலசப் போயிருந்த நேரம். வெள்ளைச்சாமி மருந்து மயக்கத்தில் கிடந்தான். டாக்டரும் அவளும் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று ஒரு டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒருவன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறானே என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை.

"இங்க பாருங்க சார்," என்றாள் நஸ்ரின். "பாதம்னு மேல்கண் ஒரு இடத்தக் குறிச்சு வெச்சிருக்கும். அந்த இடத்துல எந்தத் தோல்ல துடிப்பு நல்லா தெரியுதோ, அத எடுத்துக்கும். வெளிச்சம் கம்மியா இருந்தாலும், தோல் கறுப்பா இருந்தாலும் தடுமாறக் கூடாதுன்னு அப்படிப் பண்ணினோம். இந்தம்மா கை ரெண்டும் பாதத்த மூடியே இருக்கு. கையில நல்ல துடிப்பு."

"அப்ப பச்சைன்னு காட்டினது..."

"அவங்க கைய சார். ரெண்டாம் நாள்லயே பாதத்துல ரத்தம் நின்னுருச்சு. அதுக்கப்புறம் நம்ம பாத்ததெல்லாம் அவங்க ரத்தம்தான்."

டாக்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டாம் நாள் தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருப்பேன்."

"சோதனை பண்ணப்ப ஒரு ஆஸ்பத்திரியிலயும் இப்படி வரல சார். அங்கெல்லாம் நோயாளிகூட யாரும் தங்குறதில்ல. பார்வையாளர் நேரத்துல வந்துட்டுப் போயிருவாங்க. நாள் முழுக்க ஒருத்தர் கால்மாட்டுல உக்காந்து பிடிச்சு விடுவாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

"ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?"

அவள் தயங்கினாள். "கூட இருந்தவர் குறுக்கிட்டதால பிழைன்னு எழுதச் சொல்லுவாங்க."

எனக்கு வந்ததே கோபம். "குறுக்கிட்டாளா? ஏம்மா, எந்திரிச்சா மஞ்சளக் காட்டுனது யாரு? உக்காந்தா பச்சையக் காட்டுனது யாரு? பிடி பிடின்னு ஏவி விட்டுட்டு இப்ப குறுக்க வந்தான்னு எழுதுவீங்களோ?"

இருவரும் திரும்பினார்கள். நஸ்ரினின் கண்ணில் நீர் கோத்திருந்தது, அதைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன். டாக்டர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து நான் அந்த வார்டில் பார்த்ததில்லை.

"சார், எண்பது கட்டில் என் பொறுப்பு. முன்னாடி நாலு டாக்டர் பாத்தது. நான் தொட்டுப் பாத்திருக்கணும், இல்லன்னு சொல்லல. மேனேஜ்மெண்ட்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா அந்தம்மாகிட்ட நீங்க சொல்லிராதீங்க. தன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க."

அதில் அவருடைய பயம் பாதி, அவள் மேல் இரக்கம் பாதி. எது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் சொன்னது சரிதான் என்று எனக்கும் பட்டது, அதுதான் என்னைக் கொன்றது.

மறுநாள் கதவில் 'தொடாமல் காப்போம்' என்பதற்குக் கீழே புது நோட்டீஸ் ஒட்டினார்கள். உடன் இருப்போர் நோயாளியைத் தொடக் கூடாது. காரணம் எழுதவில்லை. மேல்கண்ணைத் திருத்த மாசக்கணக்கில் ஆகுமாம். வெள்ளைச்சாமியின் திரையில் இன்னும் இரண்டு கால் உள்ள உருவம்தான் இருந்தது. இடது பாதம் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஒரு கால் இல்லாத உருவம் அந்தக் கம்பெனியிடம் இல்லை, கேட்டிருக்கிறோம் வரும் என்றாள் ஜெனிட்டா.

நோட்டீஸைப் பார்த்து வார்டே முணுமுணுத்தது. தவமணிக்கு ஆத்திரம். "பிடிச்சு விட்டாத்தான ரத்தம் ஓடுது. இவங்களுக்கு என்னண்ணே கேடு?" பக்கத்துக் கட்டில் பெரியவரின் மகளிடம் போய், நர்ஸ் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிடிச்சு விடு, என்ன ஆனாலும் எந்திரிக்காத, நான் எந்திரிச்சுத்தான் கெட்டேன் என்று சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண்ணும் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து பிடித்தாள்.

"விடும்மா, கைய எடு. நோட்டீஸ் போட்டிருக்கான்ல," என்று அங்கிருந்தே கத்தினேன். அந்தப் பெண் பயந்து கையை எடுத்தாள். தவமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்களும் அவங்க பக்கம் சேந்துட்டீங்களா அண்ணே?"

என்ன சொல்வது? நீ எழுந்ததால் போகவில்லை என்று சொன்னால், அப்படியானால் எதனால் என்பாள். கேட்டும்விட்டாள். சர்க்கரையினால் என்றேன். "சர்க்கரை எத்தனையோ வருசமா இருக்கு, அப்பல்லாம் கால் இருந்துச்சுல்ல," என்றாள். எழுந்தது தப்பு என்று அழுகிறவளை ஆற்ற வேண்டுமானால், உட்கார்ந்ததுதான் தப்பு என்று சொல்ல வேண்டும். ஜெனிட்டாவைக் கூப்பிட்டுப் பக்கத்துக் கட்டில் பெரியவரின் காலைக் கையுறை இல்லாமல் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுத் தொட்டாள். சூடாக இருந்தது. அவளுக்கு அந்த இரண்டாவது மெமோ வந்தது.

அடுத்த நாள் மத்தியானம், சாப்பாட்டு வண்டி வந்து போன பிறகு, வெள்ளைச்சாமி விழித்துக்கொண்டு முனகினான்.

"தவம், இடது பாதம் இழுத்துப் பிடிக்குது. விரலெல்லாம் முறுக்குது. தாங்க முடியலடி."

எடுத்த காலில் வலி தெரியும், பயப்படாதீங்க என்று ஜெனிட்டா முன்பே சொல்லி வைத்திருந்தாள். தவமணி கட்டிலைப் பார்த்தாள். வலது பக்கம் கால் நீண்டு கிடந்தது. இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே விரிப்புதான் தெரிந்தது.

"கொஞ்சம் பிடிச்சு விடேன்," என்றான்.

அவள் கதவைப் பார்த்தாள். நோட்டீஸைப் பார்த்தாளோ, நர்ஸ் வருகிறாளா என்று பார்த்தாளோ தெரியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கால்மாட்டில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். பாதம் இருந்திருக்கக்கூடிய இடத்தில், வெறும் விரிப்பின் மேல், இரண்டு கையையும் வைத்து மெதுவாக அமுக்கினாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், விரலுகிட்ட."

எனக்குச் சட்டென்று உறைத்தது. திரையைப் பார்த்தேன். இடது பாதம் சாம்பலாகத்தான் இருந்தது. பிறகு மஞ்சள் தட்டியது.

"தங்கச்சி," என்றேன். "கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா. இங்க வா. உடனே வா."

"இந்தா வந்துட்டேண்ணே," என்று சொல்லிக்கொண்டே அவள் தலையை நிமிர்த்தினாள். அவளுக்கு நேர் எதிரே திரை. இடது பாதம் பச்சை.

அவள் கையை எடுத்தாள். சற்று நேரத்தில் பச்சை போய்ச் சாம்பல் வந்தது. வைத்தாள். பச்சை. மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பி மடியில் வைத்துப் பார்த்தாள். அழவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பியிருக்க வேண்டும், முடியவில்லை. எனக்கு முன்பே தெரியும் என்பது அவளுக்கும் அப்போது தெரிந்துவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றான் வெள்ளைச்சாமி. அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், முகத்தில் வலி கொஞ்சம் இறங்கியிருந்தது. "கைய எடுக்காத தவம். அப்பல்லாம் நீ பிடிச்சது ஒண்ணுமே தெரியல. இப்பத்தான் உன் கை தெரியுது. சுகமா இருக்கு."

அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். தலையைக் குனிந்து, திரையைப் பார்க்காமல், விரிப்பை விரல் விரலாகப் பிடித்து விட ஆரம்பித்தாள். நான் கேட்ட தண்ணீர் வரவில்லை. மறுபடியும் நான் கேட்கவில்லை.